நாற்று நம்முடையது, அறுவடை யாருடையது?

கட்டுமாவடிப் பக்கம் நடவு நடும் பெண்ணைக் கேளுங்கள். விதை நெல் ஒருவனுடையது. தண்ணீர் பாய்ச்சிக் காத்தவனும் அவனே. நாற்று வளர்ந்ததும் அடுத்தவன் பறித்துப் போய்த் தன் வயலில் நட்டுக்கொண்டால், அதற்குப் பெயர் என்ன? களவு என்பாள். பணக்கார தேசங்கள் நம் நர்ஸுகளை அப்படிப் பறித்துக்கொண்டு, அதற்குச் "சர்வதேசக் கூட்டுறவு" என்று பெயர் சூட்டுகின்றன!

உலக சுகாதார ஸ்தாபனம் 2025ல் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்கிறது? உலகில் 58 லட்சம் நர்ஸுகள் பற்றாக்குறை. பணக்கார நாடுகளில் வேலை செய்யும் நர்ஸுகளில் 100க்கு 23 பேர் வேறு தேசத்தில் பிறந்தவர்கள். படிக்க வைத்த செலவு ஏழை நாட்டுக்கு, பலன் சீமானுக்கு!

இதைச் சீர்செய்யத்தான் 2010ல் ஜெனீவாவில் ஒரு நடத்தை விதி நிறைவேற்றினார்கள். ஆள் அனுப்பும் நாட்டுக்கும் நன்மை சேர வேண்டும் என்கிறது அது. ஆனால் கட்டாயமில்லையாம், விரும்பினால் பின்பற்றலாமாம்! "முதலாளி விரும்பினால் போனஸ் தரலாம்" என்ற ஒப்பந்தத்தில் எந்த மில் சங்கம் கையெழுத்துப் போடும்?

வெளியூரான் பறிக்கிறான், சரி. உள்ளூர் சர்க்கார் என்ன செய்தது? 2015ல் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தினார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்றார்கள். வாக்கு நிறைவேறாததால் 2017 நவம்பரில் அந்தச் சகோதரிகள் சென்னையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைக்குத் திரும்பச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு வந்தது. மில்லில் பதிலித் தொழிலாளி படும் பாடு இதுதானே?

"வெளிநாடு போவது அவரவர் உரிமை, வீட்டுக்குப் பணம் வருகிறதே!" என்பார்கள் சிலர். போகிறவரை நாம் குறை சொல்லவில்லை. சிங்கப்பூருக்கும் அரபு தேசத்துக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகளை நாம் அறிவோம். ஆனால் இங்கே அரை வயிற்றுச் சம்பளம் கொடுத்துத் துரத்துவதற்கு உரிமை என்றா பெயர்? வந்த பணம் வீட்டுக் கடனை அடைக்கலாம். நடு இரவில் பிரசவ வலியில் துடிப்பவளுக்குப் பக்கத்தில் நின்று கை கொடுக்குமா?

உண்மையான கூட்டுறவு முடியாததல்ல. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்; 1946ல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாயிற்று. மிஷனரிகளோடு நமக்கு ஆயிரம் கருத்து வேற்றுமை இருக்கலாம்; உண்மையை மறைக்க மாட்டோம். அயல்நாட்டார் வந்து கற்றுக்கொடுத்தார்கள். கல்வி இந்த மண்ணில் வேர்விட்டது. நிலைத்து நிற்கும் கூட்டுறவு என்றால் அதுதான்.

ஆகவே நாம் கேட்கிறோம்: நர்ஸை அழைத்துக்கொள்ளும் நாடு அவர் படிப்புச் செலவைத் திருப்பித் தரட்டும், ஜெனீவா விதி கட்டாயமாகட்டும், இங்கே ஒப்பந்த முறை ஒழிந்து, கடற்கரைக் குப்பத்திலும் கிராமத்திலும் நிரந்தர நர்ஸ் வேலை பார்க்கட்டும்!

மில் வாசலிலும் வயல் வரப்பிலும் இதைப் பேசுங்கள், தோழர்களே! நர்ஸின் கூலிப் போராட்டம் நம் உயிர்ப் போராட்டம்!