ஓடுதே, பிறகென்ன?

ஸ்ரீ கெம்பாங்கான் கடைவரிசைகளில் ஏதாவது ஒரு மாடியில் ஏறினால் பார்க்கலாம். தேநீர் கலக்கும் மூலையில், மைலோ டின்னுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இரைந்துகொண்டிருக்கும். ‘சுவிட்சை அடைக்காதீர்’ என்று மலாயில் எழுதி ஒட்டிய தாள் அதன்மேல் பழுத்துப் போயிருக்கும். அலுவலக மின்னஞ்சல் மொத்தமும் அதற்குள்தான். மாற்றலாமா என்றால் முதலாளியிடம் ஒரே பதில்: “ஓடுதே, பிறகென்ன?”

ஓடுவதுதான் சிக்கல். இப்படிப்பட்ட பெட்டிகளில் ஓடும் மைக்ரோசாப்டின் மின்னஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்சின் 2016, 2019 பதிப்புகள் இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. மறுநாள் காலையிலும் மெயில் வந்தது. ஆகவே யாரும் கவலைப்படவில்லை.

2021 மார்ச்சில் இதே எக்ஸ்சேஞ்சில் நான்கு ஓட்டைகள் வெளிவந்தன. திருத்தம் வருமுன்பே புகுந்தவர்கள் பல செர்வர்களில் பின்வாசல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பூட்டை மாற்றிய பிறகும் சாவி திருடனிடம்!

திருடனே வேண்டாம், தேதி போதும். எக்ஸ்சேஞ்சின் வைரஸ் சோதனைப் பகுதி தன் பதிப்பு எண்ணைத் தேதியைக் கொண்டு அமைக்கும். 2022 பிறந்ததும் அந்த எண் 2201010001 ஆனது. அதை வைத்திருந்த இடமோ 2147483647-க்கு மேல் கொள்ளாது. சோதனை படுத்தது, மெயில்கள் வரிசையில் தேங்கின. புத்தாண்டு விடுமுறையில் யாராவது எழுந்துவந்து சரிசெய்ய வேண்டியிருந்தது. நம் மாடியில் அந்த ‘யாராவது’ யார்? பிரிண்டர் பார்க்க எப்போதாவது வரும் தம்பிதான்.

சட்டமும் சும்மா இல்லை. தனிநபர் தரவு கசிந்து பெரும் பாதிப்பு நேரலாம் என்றால் 72 மணி நேரத்தில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் முதல் மலேசியாவில் நடப்பில் இருக்கிறது.

பெட்டியை விட்டு, மின்னஞ்சலை இணையவழி வைத்திருக்கும் மேகச் சேவைக்கு மாறினால் மாதாமாதம் வெள்ளி கட்ட வேண்டுமே என்ற முணுமுணுப்பு நியாயம்தான். பெட்டிக்கு ஒருமுறை கொடுத்ததோடு சரி, மேகம் வாடகை வீடு. ஆனால் இரவுக் காவலுக்கு ஆள் வைக்க முடியாத அலுவலகத்துக்கு வாடகையே மலிவு. இந்திய மத்திய அரசே சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மின்னஞ்சலைத் தமிழர் ஸ்ரீதர் வேம்பு நிறுவனர்களில் ஒருவராக இருக்கும் ஸோஹோவிடம் ஒப்படைத்திருக்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: முகவரியின் வால் அதே ‘கவ்.இன்’, ‘நிக்.இன்’தான். வீடு மாறியது, விலாசம் மாறவில்லை.

ஆகவே சேவையைத் தேடுமுன் விலாசத்தைப் பார்ப்பது நல்லது. நிறுவனத்தின் டொமைன் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது? பத்து வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போன கணக்காளரின் சொந்த ஜிமெயிலில் அந்தப் பதிவுக்கான கடவுச்சொல் கிடந்தால், முதலில் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.