ஓடி அழைக்கும் காலா? உயிர் காக்கும் கரமா?



நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மருத்துவமனையின் வாயிலில் சாய்கிறார். முதலில் அவரைத் தாங்குவது எவருடைய கரம்? இதய நோய் வல்லுநரின் கரமா? அன்று, செவிலியரின் கரம்! அந்தக் கரத்துக்கு நாம் கற்றுக்கொடுத்தது என்ன, வழங்கிய உரிமை எவ்வளவு என்பதைப் பொறுத்தே அவர் வீடு திரும்புவதும் திரும்பாததும்.

இதயம் நின்றபின் காலம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதுபடத் தொடங்குகிறது. மார்பை அழுத்தி உதவுவாரும் இன்றி, மின் அதிர்ச்சியும் தாமதமானால், கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கைப் பறித்துச் செல்கிறது. அவ்வேளையில் "மருத்துவர் வரட்டும்" என்று கைகட்டி நிற்பது பணிவன்று, பலி!

இந்த உண்மையை உலகம் உணர்ந்த வரலாற்றைப் பாருங்கள். 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் எனும் மூவர், மார்பைப் பிளக்காமல், வெளியிலிருந்து கைகளால் அழுத்தியே குருதியோட்டத்தைக் காக்கலாம் என எடுத்துக்காட்டினர். அறுவைக் கத்தி ஏந்தியோரின் தனியுடைமை, பயிற்சி பெற்ற இரு கைகளின் பொதுவுடைமை ஆயிற்று! 1962-இல் கான்சஸ் நகரில் ஹியூஸ் டே என்ற மருத்துவர், மாரடைப்பு நோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவு கண்டார். பிலடெல்பியாவில் மெல்ட்சர் என்ற மருத்துவரும் ரோஸ் பின்னியோ என்ற செவிலியரும், இதயத்துடிப்பின் வரைகோட்டைப் படித்தறியவும் மருத்துவருக்காகக் காத்திராமல் செயற்படவும் செவிலியரைப் பயிற்றினர். 1965-இல் செவிலியருக்கெனவே கையேடும் வந்தது. விளைவு? நியூயார்க்கில் கில்லிப், கிம்பால் இருவரும் 1967-இல் வெளியிட்ட கணக்கின்படி, இத்தகைய பிரிவில், இரத்த ஓட்டம் அடியோடு தளர்ந்துவிடாத மாரடைப்பு நோயாளிகளிடையே இறப்பு நூற்றுக்கு 26-லிருந்து 7-ஆகச் சரிந்தது.

கருவி மட்டுமா இதைச் சாதித்தது? இல்லை. கருவியைக் காவல் காத்தவருக்கே அதனைக் கையாளும் அதிகாரமும் வந்தது, அதுவே சாதித்தது!

"செவிலியர் மருத்துவர் ஆகிவிட முடியுமா?" என்று கேட்பார் உளர். ஆக வேண்டும் என எவர் கேட்டார்? நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுக்கத் தெரிய வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே பெரிதாக இல்லாமல், மூச்சுத்திணறலாக, வியர்வையாக, தாடைக் குடைச்சலாக மாரடைப்பு வரக்கூடும்; அதனை 'வாயு' என ஒதுக்காத விழிப்பு வேண்டும். துடிப்பு நின்றால், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில் மார்பை அழுத்தும் திறம் வேண்டும். கேட்பது இவ்வளவே.

ஆனால், ஒருநாள் வகுப்பும் ஒரு சான்றிதழும் இத்திறத்தைத் தந்துவிடா. சில மாதங்கள் பழகாவிட்டால் கை மறந்துவிடும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே பொம்மையின்மீது மீண்டும் மீண்டும் பழக வேண்டும். அதுவும் பணிநேரத்திலேயே, ஊதியத்தோடு!

நம் மாநிலத்தில் 2023-இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டம், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் துணை நிலையத்துக்கும் கொண்டு சேர்த்தது. நற்செயல், வரவேற்கிறோம். மாத்திரை கிராமத்துக்கு வந்துவிட்டது. பயிற்சியும் அதே வழியில் வர வேண்டாமா? நள்ளிரவில் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் கை செவிலியருடையதன்றோ?

மற்றொன்றையும் மறைக்காமல் கூறுவோம். 2015 முதல் தேர்வு வாரியத்தின் வழியே தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட செவிலியர், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் திரண்டனர். நாளைய வேலை உறுதியில்லாதவரிடம் இன்றைய உயிரை ஒப்படைத்துவிட்டு, "துணிந்து செயற்படுக" என்று உபதேசிப்பது நேர்மையாகுமா? தவறினால் பழி, காத்தால் பாராட்டும் இல்லை என்ற நிலையில் துணிவு எங்கிருந்து பிறக்கும்?

பயிற்சி, அதிகாரம், பணிப் பாதுகாப்பு: மூன்றும் ஒருங்கே வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். சமத்துவம் பேசும் நாம், அறிவையும் அதிகாரத்தையும் ஒரு சாராரின் உடைமையாக்கும் பழைய வழக்கத்தை மருத்துவமனைக்குள் மட்டும் விட்டுவைக்கலாமா? உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். மின் அதிர்ச்சிக் கருவி உண்டா, அதை இயக்கப் பழகியவர் இரவிலும் உளரா எனக் கேளுங்கள். இல்லை என்றால், ஆட்சிக் கட்டிலில் அமர்ந்திருப்பவர் எவராயினும், உண்டாகும் வரை கேளுங்கள்!