தப்பும் ஆர்மோனியமும்

நாவலப்பிட்டியிலிருந்து டொலஸ்பாகைக்கு ஏறும் பாதையருகே, தேயிலை மலைகளின் நடுவே அமைந்த ஒரு வித்தியாலயத்தில் நான் கண்ட காட்சி இந்த வாரம் முழுவதும் என்னை விசனத்தில் ஆழ்த்திற்று. பரோபகாரிகள் சிலர் அன்பளிப்புச் செய்த ஆர்மோனியம், சங்கீத ஆசிரியர் ஒருவரும் நியமிக்கப்படாத காரணத்தால் அலமாரியிலே பூட்டுண்டு கிடக்க, அழகியற் பாடவேளையில் பிள்ளைகள் கணக்குக் கொப்பியை விரித்து வைத்திருந்தனர். சாதாரண தரப் பாடத்திட்டத்தில் கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்றெல்லாம் வகுக்கப்பட்டிருந்தும், கற்பிக்க ஆளில்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அவற்றால் விளையும் பிரயோசனம் யாது? இக்குறையை இப்பத்தியில் முன்னரும் எழுதியிருக்கிறேன், தீரும்வரை எழுதுவேன்.

ஆயினும், திரும்பும் வழியில் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலிலே கண்டது என் சிந்தையை வேறு திசைக்கு இழுத்துச் சென்றது. சிறுவன் ஒருவன் சருகு கூட்டித் தீமூட்டி, தப்புப் பறையின் தோலை அனலுக்குக் காட்டுவதும், விரலால் சுண்டிப் பார்ப்பதும், நாதம் ஏறவில்லையென்று மீண்டும் காட்டுவதுமாக இருந்து, திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டனார் தலையசைத்த பின்னரே குச்சிகளைக் கையிலெடுத்தான். செவியைப் பழக்குவதே சங்கீதத்தின் முதற்பாடமாயின், அப்பாடம் அங்கே குறைவின்றி நடைபெற்றது.

அச்சிறுவனைக் கண்டதும் எனக்கு ஒரு நூல் நினைவுக்கு வந்தது. 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என் மேசையை விட்டு அகலாத நூல். மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்றப் பிரதிநிதியாகி, ஆங்கிலத்தில் கவிதை புனைந்து கீர்த்தி பெற்ற சி. வி. வேலுப்பிள்ளை, அந்த ஆங்கிலப் புகழோடு திருப்தியடையாமல், ஏட்டில் ஏறாது தொழிலாளர் நாவிலேயே வாழ்ந்த பாட்டுகளைத் திரட்டித் தந்தாரென்றால், அவற்றை அவர் வெறும் பொழுதுபோக்காகக் கருதவில்லை என்பது தெளிவு. கண்டிச் சீமைக்கு வந்த துயரத்தையும் கங்காணியின் கொடுமையையும் இம்மக்கள் பாட்டிலேதான் பதிந்து வைத்தார்கள். அந்த நூலைக் கையிலெடுக்குந்தோறும், இத்தகைய செல்வத்துக்கு உரிய பிள்ளைகளைக் கலையறியாதவர்கள் என்று சொல்ல நமக்கு என்ன அருகதை உண்டு என்ற கேள்வி எழுகின்றது.

பாட்டோடு காமன் கூத்தும் இம்மக்களுக்கு உண்டு. மாசி மாதத்திலே காமன் பொட்டலில் கம்பம் ஊன்றியது முதல், சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியும் இரவு வரை, பகலெல்லாம் மலையில் உழைத்த ஆண்கள் ரதியாகவும் மதனாகவும் தூதனாகவும் வேடம் புனைய, காமன் மாஸ்டர் பாட்டெடுத்துக் கொடுக்க, பிள்ளைகள் ஓரத்தில் நின்று அடவையும் தாளத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள். சங்கீதம், ஆடல், ஒப்பனை, நாடகம் அனைத்தும் அடங்கிய இந்த வித்தையையோ, இதற்குத் தாளமிடும் தப்பே விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக் கணக்கெடுப்புக்கு) அழைத்ததும் சாவு வீட்டில் ஒலித்ததும் என்பதாலும், அதன் மேல் சாதி சுமத்திய இழிவாலும், பள்ளிக்கூட வாசலுக்குள் நாம் அனுமதிப்பதில்லை.

நாவலப்பிட்டியிலிருந்து செல்லும் இரயில் பாதையில் கம்பளைக்கு அப்பாலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்திலோ, பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது, மட்டக்களப்பின் அண்ணாவிமாரைக் குருவாக மதித்துப் அங்கு பயின்ற மாணவர்களுக்குப் பயிற்சியளிக்கச் செய்தார். பல்கலைக்கழகத்துக்குக் குறைவாகாத ஒன்று தோட்டப் பாடசாலைக்குக் குறைவாகிவிடுமா?

பயிற்றப்பட்ட சங்கீத ஆசிரியர் வேண்டாமென்பது என் அபிப்பிராயமன்று. இராகமும் சுரமும் தோட்டத்துப் பிள்ளைக்கும் உரியவையே. அந்த நியமனம் அரசாங்கத்தின் கடன். அதுவரை காத்திராமல், அதிபர்கள் தம் தோட்டத்துக் காமன் மாஸ்டரையும் தப்பிசைக் கலைஞரையும் உபாத்தியாயருக்குரிய மரியாதையோடு வகுப்பறைக்கு அழைக்க வேண்டும். வலயக் கல்விப் பணிமனை அவர்களுக்கு உரிய வேதனம் வழங்க வேண்டும். பாட்டும் அடவும் அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலால் வரும் மாசிக்கு முன்னரே இக்காரியத்தைத் தொடங்குங்கள்.