குஞ்சம் ஓகே, பம்பர் கார்டு வேண்டாம் மச்சி

எங்க பசங்க நாலு பேர் லாரிப் பைத்தியம். கேபினில் தொங்கவிடும் குஞ்சம், டேஷ்போர்டு மேட், மட்ஃபிளாப்பில் பெயின்ட் எழுத்து... எல்லாம் ரூமிலேயே செய்து, லாரி பிடிக்கும் நண்பர்களுக்கும் டிரைவர் அண்ணன்களுக்கும் விற்கிறார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் லாரிக்கு பாடி கட்டுவதே பெரிய தொழில். அதனால் இந்த ஆசையை யாரும் கிண்டல் பண்ணாதீங்க.

போன மாசம் ஒருத்தர் இரும்பு பம்பர் கார்டும், பல சுரத்தில் கத்தும் ஹார்னும் கேட்டார். நல்ல காசு. “வெல்டிங் நமக்குத் தெரியும்ல, பண்ணிடலாம்”னு பசங்க ரெடி. நான் வேண்டாம்னேன். அங்கே ஆரம்பிச்சது சண்டை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. கிராஷ் கார்டு அந்தப் பிரிவுக்கு எதிரானதுன்னு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பல சுர ஹார்னுக்கு 1989 விதிகளில் 119ஆவது விதி தடை.

சட்டத்தை விடுங்க, மெக்கானிக்ஸ் பாருங்க. வளையாத கம்பி மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ளாது. நடந்து போகிறவர் உடம்புதான் வாங்கும். பௌர்ணமி ராத்திரி அடி அண்ணாமலையில் நின்னு பாருங்க, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க வெறுங்காலோடு ஜனம். அவங்க அடுத்த நாள் மெயின் ரோட்டிலும்தான் நடப்பாங்க.

அழகுக்குச் செய்வோம், நியாயமான விலைக்கு விற்போம். ஆர்டர் எடுக்கும் முன்னாடி ஒரே கேள்வி: இந்த வண்டிக்கு எதிரே நம்ம அம்மா நடந்து வந்தா?