ஏரி மேல் புகை

விருதுநகரில் 'டீப் பர்ப்பிள்' ரசிகர் மன்றம் ஆரம்பித்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூணுமே நான்தான். 'கொத்துப் புரோட்டா போடற சத்தம்தானேடா?' என்பான் நண்பன்.

'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பிறந்த கதை தெரியுமோ? 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ. ஃபிராங்க் ஸாப்பா கச்சேரியில் யாரோ ஒரு ஆசாமி தீப்பொறித் துப்பாக்கியால் கூரையைப் பார்த்துச் சுட, கேசினோவே காலி! உயிர்ச்சேதம் இல்லை. ஆல்பம் பதிவு பண்ண வந்திருந்த டீப் பர்ப்பிள், ஏரி மேல் மிதந்த புகையைப் பாட்டாக்கிவிட்டது. அன்று முதல் மேடைக்கு மேடை அதே புகைதான்.

சிவகாசிப் பக்கத்துக்காரன் காதில் அது வேற மாதிரி விழும் சார். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. 30 பேருக்கு மேல் போனார்கள். அந்தப் புகைக்கு நாலு நாள் பேப்பர் செய்தி; அப்புறம் தீபாவளி ஆர்டர்.

அந்த கிடாரைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்புங்கப்பா!