காலி மனை

ஒரு மனிதனைக் 'காலி' என்று சொன்னால் சண்டைக்கு வருகிறான். ஒரு மனையைக் 'காலி' என்று சொன்னாலோ அதன் விலை ஏறிவிடுகிறது!

இந்தச் சித்திரையில் என் அக்காவின் கணவர் என்னை ஒரு மனை பார்க்க அழைத்துப் போனார். தியாகராய நகர்க் கடைத்தெருவிலிருந்து கூப்பிடு தூரம். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தையெல்லாம் போட்டு, கூட்டாளிகளோடு அங்கே ஒரு கடை வளாகம் கட்ட உத்தேசம். மதிப்பிடுவதற்கு ஒரு நிபுணரும் வந்திருந்தார். தெருவின் அகலம், வழிகாட்டி மதிப்பு, எத்தனை மாடி எழுப்பலாம், ரயிலடி எத்தனை நிமிஷ நடை என்றெல்லாம் அவர் கணக்கிட்டதை நான் குறை கூறமாட்டேன். மாம்பலம் ரயிலடியில் இறங்கும் கால்கள்தானே ரங்கநாதன் தெருவைக் கடைத்தெருவாக்கின?

ஆனால் அந்த மனை, தெருவைவிட இரண்டடி பள்ளம். அதைக் கேட்டேன்.

"மண்ணடித்து மூன்றடி உயர்த்திவிடலாம், ஸார்."

"அப்புறம் மழைத் தண்ணீர் எங்கே போகும்?"

பின்னாலிருந்த ஓட்டு வீடுகளை அவர் ஒருதரம் பார்த்தார். "அது நம்ம ரிப்போர்ட்டில் வராதுங்க" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

தியாகராய நகரே எதன்மேல் நிற்கிறது? நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே மாம்பலம் வரை நீண்டு கிடந்த ஏரியின்மேல். 1920-களில் நகரம் இடம் தேடியபோது அந்த ஏரியைத்தான் கைகாட்டினார்கள். அதுவும் அன்றைய கணக்கில் காலி இடம்தான்! ஏரி போய், நுங்கம்பாக்கத்தில் டாங்க் பண்டு ரோடு, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர்ப்பலகைகள் மிஞ்சின. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தண்ணீர் அந்தப் பலகைகளைப் படித்துவிட்டதுபோல் விலாசம் தவறாமல் வந்து சேர்ந்தது.

"அப்படியானால் கடையே கட்டக்கூடாதா? நாலு பேர் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். தாராளமாகக் கட்டுங்கள். தீபாவளிக்கு வேஷ்டி வாங்க நானும் அங்கேதான் போகிறேன். ஆனால் அந்தப் பள்ளம் சும்மா இருக்கவில்லை. தெருத் தண்ணீரைக் கூலி வாங்காமல் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தூர்த்தால், அந்த வேலையை இனி யார் செய்வது? வடிகாலுக்கு ஆகும் செலவை முதலிலேயே விலையில் சேர்க்க வேண்டாமா? சேர்க்காவிட்டால் அந்தச் செலவு மறைந்துபோவதில்லை. ஓட்டு வீட்டுக்காரர்களின் அடுப்படியில் போய் நிற்கிறது. வாடகை வருவது முன்வாசலில்; நஷ்டம் நுழைவது அடுத்தவன் கொல்லைப்புறத்தில்!

மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சித்திரையில் பார்த்த மனையை ஐப்பசியில் இன்னொரு முறை பாருங்கள். பின்வீட்டு அம்மாளிடம், போன மழையில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கேளுங்கள். அவள் சொல்கிற மதிப்பீட்டுக்குக் கட்டணம் கிடையாது.

"அத்தான், ஐப்பசியில் குடையோடு வாருங்கள், இன்னொரு தரம் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. முன்பணமும் கொடுக்கவில்லை.