பயிற்சி மாணவரின் முதல் நாள்

கல்லூரியில் ரசாயனம் பயிலும் மாணவர் ஒருவர், மருந்து உற்பத்தி செய்யும் பெரிய கம்பெனி ஒன்றின் வாயிலில் பயிற்சிக்காக முதன்முறையாக வந்து நிற்கிறார் எனக் கொள்வோம். காவலரின் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார். புகைப்படம் பொறித்த அடையாள அட்டையைப் பெறுகிறார். கம்பெனியின் வரலாற்றையும் வளர்ச்சியையும் விளக்கும் சொற்பொழிவு ஒன்றைக் கேட்கிறார். படிவங்கள் பலவற்றை நிரப்புகிறார். மாலையில் வீடு திரும்பும்போது, அன்று கற்றது யாது என அன்னை வினவினால், விடை கூற அவரிடம் ஒன்றும் இராது. பல நிறுவனங்களில் முதல் நாள் இவ்வாறே கழிகின்றது. இது சிறு குறையெனத் தோன்றலாம். ஆயினும், ஒரு மாணவர் விஞ்ஞானத்தை எவ்வாறு கையாளுவார் என்பதைப் பெரிதும் நிர்ணயிக்கும் நாள் அதுவே ஆதலால், அதனை வீணாக்குவது தகாது.

கல்லூரிப் பரிசோதனைச்சாலைக்கும் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்திற்கும் உள்ள வேற்றுமையை முதலில் நோக்க வேண்டும். கல்லூரியில் அமிலத்தையும் காரத்தையும் கொண்டு பருமனறி பகுப்பைச் செய்யும் மாணவர்க்கு, வரவேண்டிய விடை பெரும்பாலும் முன்னரே தெரிந்திருக்கும். மூத்த மாணாக்கரின் குறிப்பேடுகள் கைமாறி வருகின்றன. பியூரெட்டு 18.6 மில்லி லிட்டர் எனக் காட்ட, எதிர்பார்த்த அளவு 18.2 என்றிருந்தால், குறிப்பேட்டில் 18.2 என்றே எழுதிவிடும் பழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. மதிப்பெண் விடைக்குக் கிடைக்கிறதேயன்றி, உண்மையாகக் கண்டதற்குக் கிடைப்பதில்லை. இப்பழக்கத்திற்கு மாணவரை மட்டும் குறை கூறுதல் நியாயமாகாது. அதனை வளர்த்தது தேர்வு முறையே.

மருந்துச் சோதனைக்கூடத்தில் நிலைமை முற்றிலும் வேறு. பாராசிட்டமால் மாத்திரை ஒன்றின் உறையில் 500 மில்லிகிராம் எனக் குறிக்கப்பட்டிருப்பின், அதிலுள்ள மருந்தின் அளவு அதில் 95 விழுக்காட்டிற்குக் குறையாமலும் 105 விழுக்காட்டிற்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்பது இந்திய மருந்து நூல் வகுத்த வரம்பு. அதாவது, 475 முதல் 525 மில்லிகிராம் வரை. சோதனையில் 471 எனக் காணப்பட்டால், அதனை 476 என மாற்றி எழுதுவோர் மதிப்பெண்ணைப் பெறுவதில்லை, நோயாளியை ஏமாற்றுகின்றனர். மனத்திற்கு ஒவ்வாத அளவு வந்தால், ஒப்பும் அளவு வரும்வரை மீண்டும் மீண்டும் சோதிப்பதும் அங்கு குற்றமே. கண்டதைக் கண்டபடியே பதிவு செய்து, மேலதிகாரிக்கு உடனே தெரிவித்து, காரணத்தை முறைப்படி ஆராய வேண்டும். எழுதாதது செய்யாததற்கு ஒப்பாகும் என்பது அத்தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்த கொள்கை. தவறாக எழுதியதை அழித்தல் கூடாது. அடியெழுத்துத் தெரியுமாறு ஒரே கோடிட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையொப்பமும் தேதியும் இடவேண்டும். மருந்து உற்பத்தியின் நல்ல நடைமுறைகளை வகுக்கும் 'எம்' அட்டவணை 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் திருத்தி அறிவிக்கப்பட்டதும் இத்தகைய ஒழுங்குகளை வலுப்படுத்தும் நோக்கத்துடனேயாம்.

ஆதலின், முதல் நாளில் மாணவர்க்குக் காட்டத்தக்கது கம்பெனியின் புகழ் அன்று, அதன் தராசு. காலையில் வேலை தொடங்குமுன், சோதனையாளர் ஒருவர் நியம எடைக்கல்லை நுண்தராசில் வைத்து, அது காட்டும் எடையைப் பதிவேட்டில் குறிக்கிறார். வரம்பைக் கடந்திருப்பின், அத்தராசு அன்று பயன்படாது என அட்டை தொங்கவிடுகிறார். பத்து நிமிடத்தில் முடியும் இச்செயலை அருகில் நின்று காணும் மாணவர், அளவை என்பது நம்பிக்கையன்று, அன்றாடம் நிறுவப்பட வேண்டிய உண்மை என்பதை உணர்வார். பல மாதப் பாடங்கள் கற்பிக்காததை அப்பத்து நிமிடம் கற்பிக்கும்.

புதியவரின் கைபட்டால் பொருள் கெடும், தொழில் ரகசியம் வெளிப்படும், வழிகாட்ட ஊழியர்க்கு நேரமில்லை எனக் கம்பெனிகள் கூறக்கூடும். இவற்றில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும், தராசைச் சரிபார்ப்பதில் ரகசியம் ஏதுமில்லை. காண்பதற்குக் கைபட வேண்டுவதுமில்லை. ஆபத்துக் காலத்தில் வெளியேறும் வழி, கண்களைக் கழுவும் நீர்க்குழாய் இருக்குமிடம், ஐயம் எழுந்தால் வினவத்தக்க ஒருவரின் பெயர், முதல் வாரத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலை ஆகிய நான்கையும் முதல் நாளே கூறிவிட்டால் போதுமானது. சொற்பொழிவு மறுநாள் நடைபெறலாம்.

கல்வியையும் தொழிலையும் இணைக்கும் முயற்சி புதியதன்று. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்பார் 1906-ஆம் ஆண்டில், வகுப்பையும் தொழிற்சாலை வேலையையும் மாறிமாறிப் பயிலும் முறையைத் தொடங்கினார். இந்தியாவில் பிலானியிலுள்ள பிர்லா தொழில்நுட்ப விஞ்ஞானக் கழகம் 1973-இல் 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்னும் ஏற்பாட்டை மேற்கொண்டது. அதில் பயிற்சி பட்டப்படிப்பின் அங்கமாகும். ஆசிரியரின் மேற்பார்வையும் மதிப்பீடும் தொழில் நடைபெறும் இடத்திற்கே செல்கின்றன. கல்லூரியின் பொறுப்பு வாயிலில் முடிந்துவிடுவதில்லை என்னும் இப்பாடத்தைப் பிற கல்லூரிகளும் கைக்கொள்ளல் வேண்டும்.

மற்றொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பயிலுநர் சட்டம், ஒப்பந்தம் செய்துகொண்ட பயிலுநர்க்கு உதவித்தொகையை உறுதி செய்கின்றது. 1973-இல் செய்த திருத்தத்தால் பொறியியற் பட்டதாரிகளும் அதனுள் சேர்க்கப்பட்டனர். ஆனால் அத்தகைய ஒப்பந்தமின்றி, பாடத்தின் பகுதியாகச் சில வாரங்களுக்கு வரும் மாணவர்க்கு அப்பாதுகாப்பு இல்லை. 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட பயிற்சித் திட்டம், 500 முன்னணிக் கம்பெனிகளில் ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞர்க்கு, மாதம் ரூ. 5,000 உதவித்தொகையுடன் வாய்ப்பளிக்கும் நோக்கமுடையது. அதுவும் தொடங்கப்பட்டபோது முழுநேரக் கல்வியில் இல்லாதோர்க்கே உரியதாயிருந்தது. சிற்றூரிலிருந்து நகருக்கு வந்து, அறை வாடகையும் பஸ் கட்டணமும் கொடுக்க இயலாத மாணவர்க்கு, ஊதியமற்ற பயிற்சி திறந்த கதவாகத் தோன்றினும் உண்மையில் அடைத்த கதவேயாம். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தராசின் அருகில் நிற்க முடியுமாயின், நாட்டின் விஞ்ஞானத் திறமையில் பெரும் பகுதி வாயிலுக்கு வெளியே நின்றுவிடும்.

மாணவர்க்கும் கடமை உண்டு. முதல் நாள் அவர் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுசெல்வாராக. விளங்காததை வினவ நாணாதிருப்பாராக. தாம் கண்டதை, எதிர்பார்த்ததற்கு மாறாக இருப்பினும், கண்டபடியே எழுதுவாராக. அன்று மாலை அக்குறிப்பேட்டில் உண்மையான ஒரேயொரு அளவு இடம்பெற்றிருப்பினும், அந்த நாள் வீணாகவில்லை எனக் கொள்ளலாம்.